செல்வநாயகி போய்வந்த கடற்கரைகள்

மானிப்பாய்ப் பக்கத்து உபதபாற்கந்தோர் ஒன்றில் முப்பத்தொரு வருடம் கடிதம் தரம்பிரித்தவள் செல்வநாயகி. காரைநகர், வேலணை, காங்கேசன்துறை, நெடுந்தீவு என்று ஊர்ப்பெயர்கள் ஒரு நாளில் நூறு தடவை அவளுடைய கையைக் கடந்து போகும். அந்த ஊர்களில் ஒன்றுக்கும் அவள் போனதில்லை. சின்ன வயதில் தகப்பன் விடவில்லை. பிறகு சண்டை வந்தது. காங்கேசன்துறைப் பக்கம் முழுவதையும் ஆமிக்காரர் முள்ளுக்கம்பி போட்டு மறித்தார்கள். பாதைகள் திறந்தபோது புருஷன் குகதாசன் ஒவ்வொரு லீவுக்கும் "வாற மாதம் பாப்பம்" என்றார். தகப்பனின் அந்தியேட்டிக் கிரியைக்குக் கீரிமலைக்குப் போன ஒரு நாளைத் தவிர, கடலைக் கிட்ட நின்று பார்த்த நினைவு அவளுக்கு இல்லை.

ஐம்பத்தேழாவது வயதில் சீனி வருத்தம் கண்ணுக்கு ஏறியது. முதலில் இடது கண், எட்டு மாதத்தில் வலது கண். மூன்று வருடம் கிளினிக்குக்கு அலைந்த பிறகு, இனிச் செய்ய ஒன்றும் இல்லை என்று டொக்டர் மெல்லிய குரலில் சொன்னார். அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில், மோட்டச்சைக்கிளின் பின்னால் இருந்தபடி செல்வநாயகி கேட்டாள்.

"இஞ்சாருங்கோ. என்னை ஒருக்கா கடற்கரையளுக்குக் கூட்டிக்கொண்டு போவியளோ?"

"இப்பவோ?"

"ஒவ்வொரு ஞாயிறும் ஒரு இடம். பாக்கேலாது, ஆனா போகலாம்தானே."

குகதாசன் சந்தியில் மெதுவாகத் திருப்பினார். பிறகு, "ஓம். போவம்" என்றார்.

அவர் நல்ல மனிசன் என்றுதான் ஊரில் சொல்வார்கள். அரசாங்கக் கச்சேரியில் கிளாக்காக இருந்து பென்சன் எடுத்தவர். மனைவிக்குப் பார்வை போனதிலிருந்து விடியக்காலையில் தேத்தண்ணி போட்டுக் கொடுப்பது அவர். பேப்பரை மரண அறிவித்தல் வரைக்கும் வாசித்துக் காட்டுவது அவர். அலுமாரியில் இருந்து சேலையை எடுத்து "இது மாம்பழ மஞ்சள், கரை பச்சை" என்று கையில் வைப்பதும் அவர்தான். வெளிச்சம் போன பிறகு செல்வநாயகிக்கு உலகம் அவருடைய வாயால்தான் வந்தது.

முதல் ஞாயிறு காரைநகர், கசூரினா கடற்கரை. பொன்னாலைப் பாலத்தில் ஏறியதும் காற்று இரண்டு பக்கத்தாலும் வந்து சேலைத் தலைப்பைப் பிடுங்கியது. செல்வநாயகி சிரித்துக்கொண்டு குகதாசனின் இடுப்பை இறுக்கிப் பிடித்தாள். கடற்கரையில் சவுக்கு மரங்கள் இரைந்தன. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இருவரும் தண்ணீருக்குள் இறங்கினார்கள். இருபது, முப்பது அடி நடந்தும் தண்ணீர் முழங்காலைத் தாண்டவில்லை. காலில் சாதாளைப் பாசி வழுக்கியது.

"என்ன நிறம்?" என்று கேட்டாள்.

"கிட்ட வெள்ளை. கொஞ்சம் தள்ளி, நீர் கலியாணத்துக்குப் பிறகு ஒரு சேலை உடுப்பீரெல்லோ, அந்தப் பச்சை. அதுக்கங்கால நீலம்."

கலியாணம் முடிந்து முப்பத்துநாலு வருடம். தான் உடுத்த சேலை ஒன்றை அவர் நினைவு வைத்திருக்கிறார் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கரைக்கு வந்தபோது யாரோ "குகதாசண்ணை!" என்று கூப்பிட்டார்கள். கச்சேரியில் கூட வேலை செய்த நாலைந்து பேர், ஞாயிறுகளில் மரத்துக்குக் கீழே பாய் விரித்துக் காட்ஸ் விளையாடுவார்களாம். முந்நூற்று நாலு. ஒரு கை குறைகிறது என்றார்கள்.

"போங்கோ, போங்கோ. நான் இதிலை இருக்கிறன்" என்றாள் செல்வநாயகி. எத்தனை நாளாக இந்த மனிசன் தன்னோடு வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். ஒன்றரை மணித்தியாலம் கழித்து அவர் வந்தார். அவளுக்கு அது பெரிதாகப் படவில்லை. சின்னப்பிள்ளைகளின் கூச்சலையும் அலைச் சத்தத்தையும் கேட்டுக்கொண்டு, மணலை அள்ளி அள்ளி விட்டுக்கொண்டு இருந்தாள்.

இரண்டாவது ஞாயிறு சாட்டி. வேலணைக்குப் போகப் பண்ணைப் பாலத்தைக் கடக்க வேண்டும். காற்று அதேமாதிரி இரண்டு பக்கத்தாலும் அடித்தது. "டவுண் நெரிசல், நான் குறுக்காலை வந்திட்டன்" என்றார் குகதாசன். இங்கேயும் சவுக்கு இரைந்தது. "கசூரினாவைப் பாத்துப்போட்டு இஞ்சையும் நட்டிருக்கினம்" என்றார். கடலுக்கு அப்பால் மண்டைதீவு தெரிகிறது என்றார். பாய்விரித்த வள்ளம் ஒன்று போகிறது, பாய் ஒட்டுப்போட்ட பாய், நடுவில் சிவப்புத் துணி என்றார். மனைவியை ஓரிடத்தில் இருத்திவிட்டு, கால் பிடித்திருக்கிறது, கரையோரம் நடந்துவிட்டு வருகிறேன் என்று போனார். கச்சான் கடலை விற்கும் பெண் ஒருத்தி வந்தாள். செல்வநாயகி ஒரு சுருள் வாங்கி வாயில் போட்டுப் பார்த்து, "காறல் அடிக்குது பிள்ளை" என்றாள்.

அன்று பின்னேரம் குகதாசன் தன் ஃபோனில் கடற்கரைப் படத்தை மகள் கஜந்தினிக்கு அனுப்ப, அதே ஃபோனில் செல்வநாயகி வட்ஸ்அப்பில் குரல் அனுப்பினாள். கஜந்தினி கொழும்பில் இருந்தாள், பாங்கில் வேலை. நாலு நிமிட நீளமான குரல். சிவப்புத் துணி ஒட்டிய பாயைப் பற்றி அதில் இரண்டு தரம் சொன்னாள்.

அந்தக் கிழமை முழுவதும் வீட்டில் ஒரு மாதிரிச் சந்தோசம் இருந்தது. சமைக்கும்போதும் குகதாசன் கடலைப் பற்றிக் கதைத்தார். கேள்வி கேட்டால் நின்று பதில் சொன்னார். இந்த மனிசன் இவ்வளவு கதைக்கக்கூடியவர் என்று செல்வநாயகி நினைத்திருக்கவில்லை.

மூன்றாவது ஞாயிறு காங்கேசன்துறை. எல்லாவற்றிலும் அவள் ஆசைப்பட்ட இடம் அதுதான். எட்டு மணிக்கே வெளிக்கிட்டார்கள். போகும் வழியில் வெயில் அவளுடைய முதுகில் சுட்டது.

"வடக்கை எல்லோ போறம்? வெயில் வலக் கன்னத்திலை எல்லோ அடிக்கவேணும்" என்றாள்.

"மாதகல் கரையாலை வளைஞ்சு போறம். கடற்கரை றோட்டு. காத்து நல்லா இருக்கும்."

சொன்னமாதிரியே கொஞ்ச நேரத்தில் காற்று இரண்டு பக்கத்தாலும் வந்தது. அவளுக்கு மேலே கேட்கத் தோன்றவில்லை.

இறங்கி மணலில் நடந்து, ஓரிடத்தில் நின்றார்கள். "இந்தா, இடக்கைப் பக்கம் வெளிச்சவீடு. பின்னாலை பழைய சீமெந்துத் தொழிற்சாலை. கூரையில்லை, தூண் மட்டும் நிக்குது" என்று தொடங்கிய குகதாசன், "அட, நல்ல நேரத்துக்கு வந்திட்டம்" என்றார்.

"என்ன?"

"இந்தியாவுக்குப் போற கப்பல். இப்பதான் வெளிக்கிடுது. வெள்ளைக் கப்பல். சனம் மேல்தட்டிலை நிண்டு கை காட்டினம்."

"ஆருக்கு?"

"எங்களுக்குத்தான். இஞ்சாலை வேறை ஆர் நிக்கினம்? நீரும் கை காட்டும்."

செல்வநாயகி வலக்கையைத் தூக்கி அசைத்தாள். முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு நன்றாக உயர்த்தி, சேலைத் தலைப்பு சரியச் சரிய, கப்பல் தூரப் போய்விட்டது என்று அவர் சொல்லும் வரைக்கும் அசைத்தாள். அவர் கரையோரம் நடக்கப் போன பிறகும், இன்னும் யாராவது பார்க்கக்கூடும் என்று இன்னொரு தரம் அசைத்தாள்.

"வாறன், வாறன் அம்மா" என்று ஒரு குரல் ஓடிவந்தது. "கூப்பிட்டியளோ? நான் அங்காலை நிண்டனான். இண்டைக்குக் கச்சான் புதுசு. போன கிழமை காறல் எண்டு சொன்னியள் எல்லோ."

செல்வநாயகிக்குக் குரல் பிடிபட்டது. "நீரோ பிள்ளை? போன கிழமை சாட்டி, இந்தக் கிழமை காங்கேசன்துறை. எல்லா இடமும் போவீரோ?"

அந்தப் பெண் கூடையை மற்றக் கைக்கு மாற்றும் சத்தம் கேட்டது.

"சாட்டிக்கு நான் போய் ரெண்டு மாதம் அம்மா. போன கிழமையும் நான் இஞ்சைதான்."

"இஞ்சை எண்டா?"

"இஞ்சைதான். கசூரினாவிலை."

செல்வநாயகியின் கை மணலில் கிடந்தது. அவள் ஒரு பிடி மணலை எடுத்து விரல்களுக்கு நடுவில் தேய்த்தாள். மாவு மாதிரியான மணல். முதல் ஞாயிறும் இதுதான். போன ஞாயிறும் இதுதான்.

"பிள்ளை, உம்மடை பேர் என்ன?"

"றபீக்கா."

"றபீக்கா, இடக்கைப் பக்கம் வெளிச்சவீடு இருக்கோ?"

"காரைநகர்க் கோவளத்திலை ஒண்டு இருக்கு. இதிலை நிண்டு தெரியாது."

"இப்ப கொஞ்சம் முன்னம் ஒரு கப்பல் போனதோ? வெள்ளைக் கப்பல்?"

"கப்பலோ? இல்லையே. மீன்வள்ளம்கூட இல்லை அம்மா. ரெண்டு பொடியங்கள் ரியூப்பிலை மிதந்தவங்கள். நீங்கள் கை காட்டினதைக் கண்டு அவங்களும் சிரிச்சவங்கள். நான் என்னைக் கூப்பிடுறியள் எண்டு..." றபீக்கா பாதியில் நிறுத்தினாள். எதையோ உடைத்துவிட்டோம் என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

"என்னோடை வந்த ஐயா எங்கை நிக்கிறார்?"

"அங்காலை சவுக்குக்குக் கீழை. நாலைஞ்சு பேரோடை காட்ஸ் விளையாடுறார்." பிறகு மெதுவாக, "கூப்பிடட்டோ?" என்றாள்.

"வேண்டாம்."

றபீக்கா போகவில்லை. கச்சான் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவளுக்குப் பக்கத்தில் இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துச் செல்வநாயகி இடுப்பில் செருகியிருந்த ஃபோனை எடுத்துக் கொடுத்தாள். பொத்தான் வைத்த பழைய ஃபோன். ஒன்றை அமத்தினால் மகள், இரண்டை அமத்தினால் புருஷன். "இதிலை மூண்டுக்கு உம்மடை நம்பரைப் போட்டுத் தாரும் பிள்ளை" என்றாள்.

குகதாசன் வந்தபோது மேலில் பீடி மணம் இருந்தது. "துறைமுகப் பக்கம் நடந்து போனன்" என்றார். "அங்கை பழைய ரெயில் பாதைத் துண்டு ஒண்டு மண்ணுக்குள்ளை கிடக்குது. அதிலை ஒரு நாய் படுத்திருக்குது, காவலுக்கு விட்டமாதிரி."

நாய் என்றதும் செல்வநாயகி கையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டாள். கப்பலைக்கூட யோசித்துச் சொல்லியிருக்கலாம். அந்த நாயைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அவள் கேட்கவும் இல்லை.

"என்ன நாய்?" என்றாள்.

"மண்ணிறம். ஒரு காது மடிஞ்சிருக்கு."

திரும்பி வரும்போது அவள் அவருடைய இடுப்பைப் பிடிக்கவில்லை. சீற்றுக்குப் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த நாள் குகதாசன் சந்தைக்குப் போன நேரம் பார்த்து ஒன்றை அமத்தினாள். கஜந்தினி கந்தோரில் இருந்தாள். "என்னம்மா இந்த நேரத்திலை? காங்கேசன்துறை எப்பிடி?" என்றாள்.

"அப்பா உனக்குப் படம் அனுப்பினவரோ?"

"ஓம்..."

"மூண்டு கிழமையும்?"

மகளுக்குப் பின்னால் யாரோ சிங்களத்தில் ரோக்கன் நம்பர் கூப்பிடுவது கேட்டது.

"பிள்ளை, நான் கேட்கிறன்."

"அம்மா, எனக்கு ரெண்டாம் கிழமையே விளங்கிற்றுது. பின்னாலை அந்த மரம், அதுக்குக் கீழை ஆக்கள் இருக்கிற வாங்கில், எல்லாம் அதே இடம். அப்பாட்டைக் கேட்டன். அம்மா சந்தோசமா இருக்கிறா, நீ ஒண்டும் சொல்லாதை எண்டு சொன்னார். உங்கடை குரலைக் கேட்டனான் அம்மா, அந்தச் சிவப்புத் துணிப் பாயைப் பற்றிச் சொல்லேக்கை... எனக்கு எப்பிடிச் சொல்லுறது? நீங்கள் அப்பிடிச் சிரிச்சு எத்தினை வருசம்."

"உனக்கும் தெரியும்."

"அம்மா, அப்பா கெட்ட எண்ணத்திலை செய்யேல்லை."

"உனக்கும் தெரியும் எண்டு சொல்லுறன். வைக்கிறன் பிள்ளை, வேலையைப் பார்."

அன்று பகல் செல்வநாயகி அலுமாரியைத் திறந்து சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் போட்டாள். இது மாம்பழ மஞ்சள் என்று அவர் சொன்னது. இது கருநீலம் என்று சொன்னது. இதை உடுத்துக்கொண்டு போன மாதம் ஒரு செத்த வீட்டுக்குப் போனாள். என்ன நிறத்தில் போனாளோ. பேப்பரில் அவர் வாசித்த பெயர்களும், வாசிக்காமல் விட்ட பெயர்களும். கிளினிக்கில் டொக்டர் ஆங்கிலத்தில் சொன்னதை அவர் தமிழில் சொன்னாரே, அதுவும். ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். எதிலும் பிடி கிடைக்கவில்லை. எல்லாம் உண்மையாகவும் இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள வழியில்லை என்பதுதான் அவளை உட்கார வைத்தது. சேலைகளுக்கு நடுவில் கட்டிலில் இருந்தபடி, சத்தம் வராமல் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

குகதாசன் சந்தையால் வந்து, "என்ன, சேலை தேடுறீரோ?" என்றார்.

"பூச்சி அடிச்சிருக்கோ எண்டு பாத்தனான்" என்றாள். அவளும் ஒரு பொய் சொன்னாள்.

புதன்கிழமை அவர் பென்சன்காரர் சங்கக் கூட்டத்துக்குப் போவார் என்று தெரியும். செவ்வாய் பின்னேரம் மூன்றை அமத்தி, "றபீக்கா, நாளைக்குக் கச்சான் விக்கப் போவீரோ?" என்று கேட்டாள்.

"நாளைக்குச் சனம் வராதம்மா. ஏன்?"

"என்னைக் காங்கேசன்துறைக்குக் கூட்டிக்கொண்டு போவீரோ? உண்மையான காங்கேசன்துறைக்கு."

புதன்கிழமை பக்கத்து வீட்டுப் பிரதீபா மானிப்பாய்ச் சந்தியில் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். கண் போன பிறகு செல்வநாயகி தனியாக ஏறிய முதல் பஸ். கொண்டக்ரர் கையைப் பிடித்து முன்சீற்றில் இருத்தினான். யாழ்ப்பாணம் பஸ் ஸ்ராண்டில் றபீக்கா காத்து நின்றாள். காங்கேசன்துறை பஸ்ஸில் இருவரும் ஒரே சீற்றில் இருந்தார்கள். சுன்னாகம் தாண்டியபோது வெயில் வலக் கன்னத்தில் பட்டது. செல்வநாயகி கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

வழியில் நடந்ததையெல்லாம் சொன்னாள். றபீக்கா குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு சொன்னாள்:

"தொண்ணூறிலை இயக்கம் முஸ்லிம் ஆக்களை யாழ்ப்பாணத்தை விட்டு அனுப்பேக்கை எனக்கு அஞ்சு வயசு அம்மா. புத்தளத்திலைதான் வளந்தனான். வாப்பா ஒவ்வொரு நாளும் சோனகத் தெருவைப் பற்றித்தான் சொல்லுவார். வீட்டு முற்றத்திலை மாதுளை மரம், கிணத்துக்கட்டு, எல்லாம். திரும்பி வந்து பாத்தா எங்கடை முற்றத்திலை மாதுளை நிண்டதெண்டு ஒருத்தருக்கும் ஞாபகமில்லை. பக்கத்து வளவிலைதான் நிண்டதாம். வாப்பாதான் மாறி நினைச்சிருக்கிறார். ஆனா அவர் வேணுமெண்டு சொல்லேல்லை."

"அதுதான் வித்தியாசம் பிள்ளை" என்றாள் செல்வநாயகி.

காங்கேசன்துறையில் இறங்கிக் கொஞ்சத் தூரம் நடக்க வேண்டியிருந்தது. காலடியில் மணல் இல்லை. முருகைக்கல், உடைந்த கொங்கிறீற், பிறகு கொஞ்சம் பருமணல். வாடைக் காற்று முகத்துக்கு நேரே வந்தது. இங்கே கடல் பேசிக்கொண்டிருக்கவில்லை, அடித்தது. ஒவ்வொரு அலைக்கும் கல்லுக்கு நடுவே தண்ணீர் புகுந்து வெளியேறும் உறிஞ்சல் சத்தம் கேட்டது. ஒரு தடவை கேட்டிருந்தால்கூட இதையும் கசூரினாவையும் யாரும் மாறிப் பிடித்திருக்க மாட்டார்கள்.

"என்ன இருக்குது பிள்ளை? சொல்லும்."

"பெரிசா ஒண்டும் இல்லை அம்மா. கல்லு. அங்காலை கொஞ்சம் கம்பி வேலி. ஒரு பக்கத்திலை பொலித்தீனும் போத்திலும் ஒதுங்கிக் கிடக்குது. அங்கை தூரத்திலை கட்டடம் ஒண்டு, உடைஞ்சது. அதுதான் சீமெந்துத் தொழிற்சாலையோ தெரியேல்லை."

"கடல்?"

"கலங்கிப்போய்க் கிடக்குது. சாம்பல் நிறம்."

"கப்பல்?"

"இண்டைக்கு இல்லை."

செல்வநாயகி ஒரு கல்லைத் தடவிப் பார்த்து அதில் இருந்தாள். இதுதான் காங்கேசன்துறை. முப்பத்தொரு வருடம் முத்திரை குத்திய பெயர். குகதாசன் சொன்ன காங்கேசன்துறையில் வெள்ளைக் கப்பல் இருந்தது, தூண்கள் இருந்தன, காது மடிந்த நாய் இருந்தது. அது இதைவிட நன்றாக இருந்தது. அந்தக் கப்பல் இப்போதும் அவளுக்குள் போய்க்கொண்டிருந்தது. அதைப் பிடுங்கி எறிய முடியவில்லை என்பதுதான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

"தண்ணி தொடப் போறன். பிடியும்" என்றாள். இரண்டு பேரும் கல்லில் மெதுவாக இறங்கினார்கள். அலை ஒன்று வந்து இருவரையும் இடுப்பு வரைக்கும் நனைத்தது. றபீக்கா "அல்லாஹ்!" என்று கத்திச் செல்வநாயகியைக் கட்டிப்பிடித்தாள். வாயில் உப்புத் தண்ணீர் போனது.

வீட்டுக்கு வரப் பின்னேரம் மூன்றரை மணி ஆகிவிட்டது. ஈரச் சேலை உடம்பில் காய்ந்து உப்பாகச் சொரிந்தது. குகதாசன் கேற்றடியில் நின்றார். அவர் ஓடிவரும் செருப்புச் சத்தம் கேட்டது.

"எங்கை போனீர்? நான் ஊர் முழுக்கத் தேடுறன். பிரதீபா பஸ்ஸிலை ஏத்திவிட்டன் எண்டு சொல்லுறாள். கண் தெரியாத மனிசி தனிய..."

"காங்கேசன்துறைக்குப் போனனான்."

"அதுதான் போன ஞாயிறு போனமே" என்றார். சொல்லி முடிப்பதற்குள்ளேயே அவருடைய குரல் தேய்ந்தது.

செல்வநாயகி அவரைத் தாண்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்க் கதிரையில் இருந்தாள். அவர் பின்னால் வந்து நின்றார்.

"ஆர் சொன்னது?" என்று கேட்டார்.

"ஆர் சொன்னா என்ன?"

"செல்வி, நான் உம்மை ஏமாத்தவேணும் எண்டு செய்யேல்லை. ரெண்டாம் கிழமை சாட்டிக்குத்தான் வெளிக்கிட்டனான். முழங்கால் குத்து. உந்த டவுணுக்குள்ளாலை உம்மையும் வைச்சுக்கொண்டு ஓட்டப் பயம். அவங்களும் வரச்சொன்னவங்கள். நான் நினைச்சன்... உமக்கு எல்லாக் கடலும் ஒண்டுதானே. தண்ணி, மண், காத்து."

"ஒண்டில்லை."

"நீர் சந்தோசமா இருந்தீர். அதை நான் கண்ணாலை கண்டனான்."

"ஓம். இருந்தனான்." அவளுடைய குரல் உயரவில்லை. "முழங்கால் நோகுது எண்டு சொல்லியிருக்கலாம். காட்ஸ் விளையாடப் போறன் எண்டு சொல்லியிருக்கலாம். முதல் கிழமை நான்தானே போங்கோ எண்டு அனுப்பினனான். இருந்த இடத்திலையே இருந்திருப்பன். இப்ப இதைச் சொல்லுங்கோ. என்னைக் கை காட்டச் சொன்னியள். நான் ஆருக்குக் கை காட்டினனான்?"

அவர் பதில் சொல்லுவார் என்று அவள் காத்திருந்தாள். அவர் குசினிக்குள் போகும் சத்தமும், கேத்திலில் தண்ணீர் விழும் சத்தமும் கேட்டது. தேத்தண்ணி கொண்டுவந்து கையில் வைத்தார். அது அவளுடைய விரலில் சூடாகச் சிந்தியது. அவள் அதைக் குடிக்காமல் மேசையில் வைத்தாள்.

அதன்பிறகு அவர்கள் சண்டை பிடிக்கவில்லை. அவர் காட்ஸ் விளையாடப் போகவும் இல்லை. காலையில் பேப்பர் வாசிப்பார். அவள் கேட்டுக்கொண்டிருப்பாள், முன்னமாதிரி நடுவில் ஒன்றும் கேட்க மாட்டாள். வாசித்து முடிந்ததும் பிரதீபாவைக் கூப்பிட்டு அதே மரண அறிவித்தல்களை இன்னொரு தரம் வாசிக்கச் சொல்லுவாள். அவர் வாசித்ததில் ஒரு பிழையும் இருக்கவில்லை. அப்படியிருந்தும் அடுத்த நாளும் பிரதீபாவைக் கூப்பிட்டாள். கஜந்தினி ஒரு சனிக்கிழமை வந்து தாயின் காலடியில் இருந்து அழுதுவிட்டு, எழுத்தைத் தானே வாசித்துச் சொல்லும் புது ஃபோன் ஒன்றையும் ஊன்றுதடி ஒன்றையும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். செல்வநாயகி இரண்டையும் பழகிக்கொண்டாள். பறுவ நிலா நாளன்று றபீக்காவோடு குறிகட்டுவானுக்குப் போய், வள்ளம் ஏறி நயினாதீவுக்குப் போய் வந்தாள். வள்ளத்துக்குள் ஒரே எண்ணெய் மணமும் சனத்தின் வியர்வையும். அவளுக்குச் சத்தியும் வந்தது. வீட்டுக்கு வந்து குகதாசனுக்கு அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

சித்திரை பிறந்து இரண்டாம் கிழமை, சாப்பாட்டு மேசையில் அவர் கேட்டார்.

"சாட்டிக்குப் போவமோ? ஓட்டோ பிடிச்சுப் போவம். நான் ஓட்டேல்லை."

அவள் யோசித்தாள். "சரி" என்றாள்.

ஓட்டோ டவுணுக்குள்ளால் போனது. பஸ்களின் ஹோர்ன், மீன் சந்தை மணம், பிறகு பண்ணைப் பாலம், களப்பின் சேற்று வாசம். குகதாசன் வழி நெடுக ஒவ்வொரு இடத்தின் பெயரையும் சொன்னார். கேட்காத இடங்களையும் சொன்னார். அவள் "ம்" என்று சொல்லிக்கொண்டு வந்தாள்.

இறங்கி மணலில் நடந்தார்கள். பக்கத்தில் ஒரு பெண் பிள்ளைகளைத் தண்ணீரை விட்டு வரச்சொல்லிக் கத்திக்கொண்டிருந்தாள். செல்வநாயகி அந்தக் குரல் வந்த பக்கம் திரும்பினாள்.

"தங்கச்சி, ஒருக்கா."

"என்னம்மா?"

"இது எந்த இடம்?"

"சாட்டி அம்மா. சாட்டிக் கடற்கரை." அந்தப் பெண் குகதாசனையும் பார்த்திருக்க வேண்டும். "ஏன், ஐயா சொல்லேல்லையோ?"

"சொன்னவர்" என்றாள் செல்வநாயகி.

குகதாசன் பக்கத்தில்தான் நின்றார். அவருடைய மூச்சு கேட்டது. கடலைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கி, "அந்தப் பக்கம்..." என்றுவிட்டு நிறுத்திக்கொண்டார். அவள் குனிந்து செருப்பைத் தானே கழற்றிக் கையில் எடுத்தாள். ஊன்றுதடியால் மணலைத் தட்டித் தட்டி, அலைச் சத்தம் வந்த திசையில் நடந்தாள். அவர் இரண்டு அடி பின்னால் வந்துகொண்டிருந்தார்.